கண்ணாடி நின்றவர்கள்

அந்த வீட்டு மாடியில் குடியிருந்த காலத்தில் எனக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. கீழ்வீட்டு அத்தையின் குரல் போதும். "என்னங்க, குழாயில தண்ணி வந்திருச்சு!" என்றால் விடிந்துவிட்டது. "பேப்பரை வச்சிட்டுச் சாப்பிட வாங்க!" என்றால் நான் வேலைக்குக் கிளம்பும் நேரம். "லைட்டைப் போடுங்க, இருட்டுல உக்காந்துட்டு என்ன யோசனை!" என்றால் அன்றைய பொழுது முடிந்தது.

உறவு ஒன்றும் கிடையாது. வாடகைக்கு வந்த முதல் மாதமே கீழ்வீட்டுக்காரர்கள் எனக்கு அத்தையும் மாமாவும் ஆகிவிட்டார்கள். அத்தை கணவரிடம் பேசியதையெல்லாம் தெருவே கேட்டது. அவருடைய முழங்காலுக்கு எந்தத் தைலம், எந்தப் பனியன் கிழிந்துவிட்டது, மருமகள் போனில் என்ன சொன்னாள், அதற்கு இவர் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும், எல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் அத்தை, "அந்த நீலச் சட்டை எங்கதாங்க போச்சு?" என்று உள்ளறையிலிருந்து கேட்டதற்கு, தெருமுனை இஸ்திரிக்கடைக்காரர் தன் கடையிலிருந்தே, "எங்கிட்ட இருக்கும்மா, சாயங்காலம் தரேன்!" என்று பதில் சொன்னார். மாமா மட்டும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மாமாவைத் தெருவில் பீரங்கி என்பார்கள். முதுகுக்குப் பின்னால் மட்டும்தான். முகத்துக்கு நேரே சொன்னாலும் காதில் விழுந்திருக்காது. ஆனால் உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்.

மீசை அரும்பும் வயதில் பீரங்கிப் படையில் சேர்ந்தவர். குண்டு வெடிக்கும்போது காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு தருவார்களாம். பஞ்சை வைத்தால் கட்டளை கேட்காது. கட்டளை கேட்காதவனுக்கு விரல் போகும், அல்லது பக்கத்தில் நிற்பவனுக்குப் போகும். எனவே எல்லோரும் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சம்பளத்தோடு காதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தார்கள். ராணுவத்தை விட்டு வந்தபின் நூற்பாலையில் ஃபிட்டர் வேலை. அந்த வேலையை அவர் தேடிப் பிடித்ததில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. ஆலைக்குள் மெஷின் சத்தத்தில் யாருக்குமே எதுவும் கேட்காது. எல்லோரும் உதட்டையும் கையையும் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அங்கே இவர் செவிடராக இல்லை, மற்றவர்களைவிடக் கெட்டிக்காரராக இருந்தார்.

கல்யாணமான புதிதில் அத்தைக்கும் தெரியாது.

"நான் பேசினா என் மூஞ்சியையே பாத்துட்டு இருப்பாரு. கண்ணை எடுக்க மாட்டாரு. எனக்கு ஒரே வெக்கமா இருக்கும். பொண்டாட்டி மேல இவ்வளவு ஆசையான்னு நெனச்சுப் பூரிச்சுப் போயிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, மனுஷனுக்குக் காது கேக்கல."

மாமா அத்தையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆசையும் இருந்துச்சு" என்றார்.

இப்படியே போயிருக்கும். அத்தைக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் இனி குரலை உயர்த்தவே கூடாது, உயர்த்தினால் இருப்பதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்பது வருடம் தெருவுக்கே கேட்ட குரல், காற்றில் காகிதம் உரசுகிற மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் நின்றால் எனக்குக் கேட்கும். மாமாவுக்கு முகம் தெரிந்தால் உண்டு, திரும்பிக்கொண்டால் இல்லை. போதாததற்கு அவர் கண்ணிலும் புரை விழ ஆரம்பித்திருந்தது. சாயங்காலமானால் அத்தையின் உதடும் மங்கிவிடும்.

முன்னே போய் நிற்பது, தோளைத் தட்டுவது, விளக்கைப் போட்டு அணைப்பது என்று சில மாதம் ஓட்டினார்கள். பிறகு ஒரு விடுமுறை நாள் காலையில் மாடியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு, கீழே பிளாஸ்டிக் குவளையால் யாரோ தரையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நிற்கவில்லை. சத்தம் போகப் போகத் தளர்ந்தது. இறங்கிப் போனேன். கூடத்தில் மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் புன்னகையோடு, "வாங்க, அத்தை குளிக்கிறா" என்றார். குளியலறைக் கதவைத் தள்ளினேன். அத்தை ஈரத்தில் விழுந்து கிடந்தார். கால் மடங்கியிருந்தது. தட்டித் தட்டிக் குவளையின் விளிம்பு விரிசல் விட்டிருந்தது.

எலும்பு முறியவில்லை. ஆனால் அந்தக் குவளையை மாமா தூக்கிப் போடவும் இல்லை, பயன்படுத்தவும் இல்லை. ஜன்னல் மேடையில் வைத்துவிட்டார். பேப்பர் படிக்கும் நாற்காலியைக் குளியலறை வாசலுக்கு எதிரே நகர்த்திக்கொண்டார். அத்தை குளிக்கப் போனால் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் லோடர் வந்தார். மாமாவின் பீரங்கியில் குண்டைத் தூக்கிக் குழாய்க்குள் தள்ளும் வேலை அவருடையது. வேலை போய் இத்தனை வருடமாகியும் பெயர் போகவில்லை. மாமாவைவிட இளையவர். அவருக்கு ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது, இன்னொன்றில் பாதி இருந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு எல்லா ஊர்ச் செய்தியும் கேட்டுவிடுவார்.

"அண்ணே, சட்டம் பாஸாயிருச்சு! நமக்குத்தான்!"

பழைய விதிப்படி, படையில் இருந்தபோதே பதிவான நோய்க்குத்தான் சலுகை. மாமாவின் பதிவில் காது எப்போதும் 'நன்று'. புதிய சட்டம் வேறு மாதிரி சொன்னது. பீரங்கியோடு வேலை பார்த்தவருக்குக் காது போயிருந்தால் அது பீரங்கியால் போனது என்றே கொள்ள வேண்டும்; பழைய பதிவு எப்படி இருந்தாலும் சரி. இப்போது ஒரு பரிசோதனை போதும். காதில் வைக்கும் கருவியும் அதன் பராமரிப்பும் ஆயுள் முழுக்க இலவசம். மனைவிக்கும் ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. கூட வாழ்ந்தவர் சொல்வதும் சான்றாக ஏற்கப்படும்.

சட்டங்கள் மேல் எனக்குப் பெரிய மயக்கம் கிடையாது. பெரும்பாலானவை, மனிதன் பொய் சொல்வான் என்ற எண்ணத்திலிருந்து தொடங்குகின்றன. இது, அவன் உண்மை சொல்லக்கூடும் என்பதிலிருந்து தொடங்கியது. வரவேண்டிய காலத்துக்கு மிகவும் பிந்தி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அத்தை என் காதருகே வந்து, "இவரைக் கூட்டிட்டுப் போகணும். எனக்கு ஒண்ணுமே வேணாம். கூப்பிட்டா திரும்பணும், அது போதும்" என்றார்.

நான்கு பேரும் போனோம். அத்தையின் ஒலிபெருக்கி நான். அவர் மெல்லச் சொல்வதை மாமாவிடம் உரக்கச் சொல்வது என் வேலை. அது எளிதான வேலை அல்ல. வழியில் அத்தை, "மூளையைக் கழட்டி வச்சிட்டு வந்தீங்களான்னு கேளு, கண் டாக்டர் சீட்டைக் கொண்டுவரலையே" என்றார். நான் மாமாவிடம், "கண் டாக்டர் சீட்டை மறந்துட்டீங்களாம்" என்றேன். அத்தை என் கையைக் கிள்ளி, "நான் சொன்னது அது மட்டும் இல்ல" என்றார்.

மருத்துவமனையில் துணைக்கு ஒருவர்தான் உள்ளே போகலாம் என்றார்கள். "ராணுவ விஷயம், நான் போறேன் அண்ணி" என்று லோடர் முந்திக்கொண்டார். நானும் அத்தையும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். சுவரில் காதின் உட்புறத்தை வரைந்து மாட்டியிருந்தார்கள். அத்தை அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நத்தையாட்டம் ஒண்ணு இருக்கே, இதுக்கா நான் இவ்வளவு நாள் கத்தினேன்" என்றார்.

கதவு திறந்தது. பரிசோதித்த பெண் சிரித்த முகத்தோடு வந்து, "ஐயாவோட வயசுல இவ்வளவு நல்ல காது நான் பாத்ததே இல்லைம்மா. ஒரு சத்தம் விடல. அவருக்குக் கருவியே தேவையில்ல" என்றாள்.

பின்னாலேயே மாமா நெஞ்சை நிமிர்த்தி, அணிவகுப்பில் நடப்பதுபோல் நடந்து வந்தார். லோடர் முகமெல்லாம் பல். அத்தையைக் கண்டதும் இருவரும் நின்றார்கள். சிரிப்பு லோடர் முகத்தில்தான் முதலில் செத்தது.

"அண்ணே... நாம ஃபெயிலாக வந்தோம்ல?"

நடந்தது இதுதான். படையில் வருடா வருடம் காது பரிசோதனை உண்டு. டாக்டர் முதுகுப்பக்கம் தள்ளி நின்று மெல்லிய குரலில் ஒரு சொல்லைச் சொல்வார். அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாதவனைப் பீரங்கியிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதனால் பீரங்கிக்காரர்களுக்குள் ஒரு ஏற்பாடு. வரிசையில் அடுத்து எதிரே நிற்பவன், டாக்டரின் உதட்டைப் பார்த்து, அதே சொல்லைச் சத்தமில்லாமல் தன் வாயால் காட்டுவான். இவன் அதைப் பார்த்துச் சொல்லிவிடுவான். அதற்குக் கண்ணாடி நிற்பது என்று பெயர். மாமாவுக்கு எப்போதும் லோடர்தான் கண்ணாடி, லோடருக்கு மாமா. யாரும் யாரையும் கைவிட்டதில்லை. பதிவில் 'நன்று' என்று வருடா வருடம் ஏறியது அப்படித்தான்.

இங்கே மாமாவைக் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பித்தானைக் கொடுத்திருக்கிறார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே மெஷினோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஸ்டூலில் லோடர். ஒவ்வொரு சத்தத்துக்கும் மெஷினில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தபோதெல்லாம் லோடரின் தாடை தானாக உயர்ந்தது. தாடை உயர்ந்தபோதெல்லாம் மாமாவின் விரல் தானாக அழுத்தியது.

"வேணும்னு பண்ணல அண்ணி" என்றார் லோடர். "உள்ள போய் அண்ணன் எதிர்ல உக்காந்ததும் உடம்பு அதுபாட்டுக்குக் கண்ணாடி நின்னுருச்சு."

அத்தை பேச ஆரம்பித்தார். வாழ்க்கையிலேயே அவர் திட்டிய மிகப் பெரிய திட்டு அதுவாகத்தான் இருக்கும். உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது. வந்ததோ காகிதம் உரசும் சத்தம். மாமா தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தால் அவருக்கு எதுவும் கேட்காது என்பது அத்தைக்குத் தெரியும். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேன்: "வருத்தப்படறாங்க மாமா."

"வருத்தமா!" என்றார் அத்தை, என்னைப் பார்த்து.

மறுபரிசோதனை ஒரே ஒருமுறை கேட்கலாம் என்று சட்டத்தில் இருந்தது. அதற்கு மேல் இல்லை. விண்ணப்பித்தோம், தேதியும் வந்தது. ஆனால் மாமா வரமாட்டேன் என்றார்.

அன்று சாயங்காலம் நானும் கீழே இருந்தேன். மாமா ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்து, யாரிடம் என்றில்லாமல் பேசினார். படையில் அவர்களோடு ஒருவர் இருந்தாராம், பாட்டுக்காரர், சிரிக்க வைப்பவர். ஒரு வருடம் அவருக்குக் கண்ணாடி நிற்க வேண்டியவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். பரிசோதனையில் தோற்றார். கம்பளி அடுக்கும் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அதன்பின் அவர் பெயரே கம்பளி ஆகிவிட்டது.

"பயிற்சி நடக்கும்போது தூரத்துல வந்து நிப்பான். கிட்ட வரமாட்டான். நாங்களும் கூப்பிட மாட்டோம். கூப்பிட்டாலும் அவனுக்குக் கேக்காதுல்ல? கையையாவது ஆட்டியிருக்கலாம். ஆட்டல." கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டார். "எனக்குத் தோக்கத் தெரியாது. விரல் தானா அழுத்திரும். உள்ள போனா நான் பழைய ஆளா ஆயிடறேன்."

அத்தை எழுந்து விளக்கைப் போட்டார். ஒரு நாற்காலியை இழுத்து, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி மாமாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். நான் வாயெடுத்தேன், கையால் தடுத்துவிட்டார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் நிறுத்திச் சொன்னார்.

"இப்ப உங்களை எந்தப் பீரங்கியில இருந்து எறக்கப் போறாங்க?"

மாமாவின் கண் அத்தையின் உதட்டிலேயே இருந்தது.

"இந்தத் தடவை லோடர் தம்பி வேணாம். நான் கண்ணாடி நிக்கிறேன்."

"நீயா? உனக்கு என்ன தெரியும்?"

"உங்களுக்கு எதிர்ல நாற்பது வருஷமா நிக்கிறேன். இதைவிட என்ன தெரியணும்?"

மாமாவின் பார்வை ஜன்னல் மேடைக்குப் போனது. விரிசல் விட்ட விளிம்போடு குவளை அங்கேயே இருந்தது.

மறுபரிசோதனைக்கு லோடரும் வந்தார். ஆனால் மருத்துவமனைக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "நான் அந்தப் பக்கமே திரும்பல. என் தாடையை நம்ப முடியாது" என்றார். அத்தை உள்ளே போனார். அவர் சொல்வதும் சான்றாகப் பதிவாக வேண்டும், அதை உரக்கச் சொல்ல ஆள் வேண்டும் என்பதால் என்னையும் வாசலில் நிற்க விட்டார்கள். அதே பெண், அதே மெஷின். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமா, ஹெட்போனோடு, கட்டைவிரல் பித்தான் மேல். அவர் கண் முதலில் அந்தப் பெண்ணின் கையைத் தேடியது. பிறகு மெஷினை. பிறகு அத்தையின் முகத்துக்கு வந்து நின்றது, வேறு எங்கும் போக இடமில்லாததுபோல.

அத்தை மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, மாமாவை நேராகப் பார்த்தார். பிறகு தன் கண்களை மூடிக்கொண்டார்.

மாமாவுக்கு ஒரு கணம் புரியவில்லை என்று நினைக்கிறேன். அப்புறம் அவரும் கண்ணை மூடினார்.

விளக்கு எரிந்தது, அணைந்தது. எரிந்தது, அணைந்தது. கட்டைவிரல் அசையவில்லை. எப்போதோ ஒருமுறை, அந்தப் பெண் சத்தத்தை மிகவும் கூட்டியபோது, தூக்கத்தில் அசைவதுபோல அசைந்தது. எதிரெதிரே கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். தைரியத்தைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். மார்பை நிமிர்த்திப் போவதைத்தான் பெரும்பாலும் எழுதியிருக்கிறார்கள். ஒரு மனிதன் தன்னிடம் இல்லாததை இல்லை என்று காட்டுவதற்காகச் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பற்றி அதிகம் படித்ததாக நினைவில்லை.

அந்தப் பெண் மெஷினை நிறுத்தினாள். "இந்தக் காதை வச்சுக்கிட்டு அன்னைக்கு எப்படிம்மா..." என்றாள். அத்தை கண்ணைத் திறந்து, "அது பெரிய கதை" என்றார்.

முடிந்துவிட்டது என்பது மாமாவுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டுப் பயனில்லை. கடைசியில் அத்தைதான் அந்தச் சின்ன அறைக்குள் போய் அவர் தோளைத் தொட்டார். கண்ணைத் திறந்ததும், "தோத்துட்டேனா?" என்று கேட்டார். அத்தை ஆமாம் என்று தலையை ஆட்டினார். தன் குரல் எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று தெரியாமல், மாமா அந்த இடமே அதிரும்படி, "அப்பாடா!" என்றார். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள்.

கருவி வரச் சில மாதங்கள் ஆயின. வந்த அன்று மாமா தெருவில் நடந்து போய், இஸ்திரிக்கடைக்காரரிடம் நின்று, "எல்லாம் கேக்குது. என்னைப் பீரங்கின்னு சொல்றதை நிறுத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டுக்குள்தான் சிக்கல். மாமாவுக்குக் கேட்காது என்ற நம்பிக்கையில் அத்தை இத்தனை காலமும் வேலை செய்துகொண்டே தாராளமாக முணுமுணுத்து வந்திருக்கிறார். அதை ஒரே நாளில் விட முடியுமா? அடுப்படியில், "துண்டை மடிச்சு வைக்கத் துப்பில்ல, இதுல சட்டம் பேச வந்துட்டாரு" என்றாராம். கூடத்திலிருந்து, "மடிச்சுத்தான் வச்சேன்" என்று பதில் வந்தது. பிறகு அத்தை வாசல்படிக்கு வந்து எட்டிப் பார்த்து, "இது மட்டும் கேக்குதாக்கும்?" என்றார்.

என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்தபின், "நல்லதுதான். ஆனா தனியா இருந்த மாதிரி ஒரு சுகம் இருந்துச்சு பாரு, அது போச்சு" என்றார்.

லோடரும் தனக்கு விண்ணப்பித்தார். பரிசோதனை அன்று மாமாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போக மறுத்துவிட்டார்.

மாடிக்கு அதன்பின் அத்தையின் குரல் வரவேயில்லை. கத்த முடியாது, கத்தவும் தேவையில்லை. நான் ஒரு கடிகாரம் வாங்கினேன். இப்போது வேறொரு வீட்டில், வேறொரு தெருவில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. சரியாகத்தான் ஓடுகிறது. என்றாலும் காலையில் கண் விழித்ததும் காது முதலில் தேடுவது அந்த வீட்டைத்தான். குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா என்று.

அந்த வீட்டில் கடைசியாக இருந்த வருடங்களில் கீழேயிருந்து எனக்குக் கேட்டது மாமாவின் குரல் மட்டும்தான். கருவி வந்தபிறகும் மெதுவாகப் பேச அவருக்குப் பழகவில்லை. தினமும் அத்தை குளிக்கப் போகும் நேரத்துக்கு, குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் வரும். நாற்காலி பழைய இடத்துக்கு, ஜன்னல் பக்கம் போயிருந்தது. சற்று நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு மாமா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "என்ன?" என்பார்.

பதில் எனக்குக் கேட்காது.

"ஒண்ணுமில்லையா? சரி, சரி" என்பார். பேப்பர் பக்கம் புரளும்.